பெற்றோருக்குப் பின் யார் துணை? அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்குத் தேவை தனி உதவியாளர்

திருவனந்தபுரம்: தங்கள் காலத்துக்குப் பின் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதே அறிவுசார் மாற்றுத்திறனாளிகளின் பெற்றோருக்குத் தீராத கவலை.

கேரளத்தின் முதல் ‘பட்ஸ்’ சிறப்புப் பள்ளி, 2004-இல் திருவனந்தபுரம் மாவட்டம் வெங்கானூர் ஊராட்சியில் தொடங்கப்பட்டது. உள்ளாட்சிகளும் குடும்பஸ்ரீ பெண்கள் அமைப்பும் கைகோத்த இம்முயற்சி மாநிலமெங்கும் பரவியது. 18 வயது கடந்தோருக்கு மறுவாழ்வு மையங்களும் உருவாயின.

எனினும், இவை பகல் நேரத்துக்கே உரியவை. மாலையில் வீடு திரும்பியதும் பொறுப்பு முழுவதும் பெரும்பாலும் தாயையே சேர்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) இதற்கு வழி காட்டுகிறது. குறிப்பிட்ட இடத்தில்தான் வசிக்க வேண்டும் என எவரையும் கட்டாயப்படுத்தலாகாது. சமூகத்தோடு வாழத் தனி உதவியாளர் உள்ளிட்ட சேவைகள் கிடைக்க வேண்டும் என்கிறது அதன் 5-ஆவது பிரிவு.

உதவியாளரின் பணி அனைத்தையும் தாமே செய்து முடிப்பதன்று. சமைக்கவும், சில்லறை எண்ணவும், பேருந்தில் ஏறி இறங்கவும், வேளை தவறாமல் மருந்து உண்ணவும் அருகிலிருந்து பழக்கி, மெல்ல விலகி நிற்பதே அப்பணி. ஒருவருக்கு ஒருவர் என்ற அளவில், பொறுமையும் பயிற்சியும் வேண்டும் வேலை இது.

ஆனால், பராமரிப்போருக்கான கேரள அரசின் ‘ஆஸ்வாசகிரணம்’ உதவித்தொகை பல ஆண்டுகள் மாதம் ரூ.600-ஆகவே இருந்தது. நாளொன்றுக்கு 20 ரூபாய். அதுவும் ஊதியமன்று, குடும்பத்தினருக்கான ஆறுதல் தொகையே.

உரிமை சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது. அதனை நிறைவேற்றும் உதவியாளருக்குப் பயிற்சியும் முறையான ஊதியமும் எந்த அரசின் நிதிநிலை அறிக்கையில் இடம்பெறும் என்பதே கேள்வி.