பாலைமீது ஒரு வான்வழி

இஸ்ரேல் நாட்டின் நிலப்படத்தைப் பார்த்தால் அதன் தென்பாதி ஓர் ஈட்டிமுனைபோல் குறுகிச் செல்வதைக் காணலாம். அப்பகுதி முழுவதும் நெகேவ் பாலைவனம். தமிழிலக்கியம் கூறும் பாலை, முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்த நிலம். மழை பெய்தால் மீண்டும் பசுமை கொள்ளும். நெகேவ் அத்தகையதன்று, அது என்றும் பாலையே. ஈட்டியின் கூர்முனை செங்கடலைத் தொடும் இடத்தில் ஏலாத் என்னும் சிறு துறைமுக நகரம் அமைந்துள்ளது. டெல் அவிவ் நகரிலிருந்து அதற்குச் சாலைவழித் தொலைவு ஏறத்தாழ 350 கிலோமீட்டர்.

இன்று இத்தொலைவு சில மணிநேரப் பயணம். 1949ஆம் ஆண்டில் நிலைமை வேறு. நாடு உருவாகி ஓராண்டே ஆகியிருந்தது. ஏலாத்துக்குச் செல்லச் சீரான சாலை இல்லை. தொடர்வண்டிப் பாதையும் இல்லை. கடல்வழியோ அதனினும் கடினம். நாட்டின் பிற துறைமுகங்கள் மத்தியதரைக் கடலில் இருந்தன. செங்கடலுக்குள் நுழையும் சூயஸ் கால்வாய் இஸ்ரேலியக் கப்பல்களுக்கு மூடப்பட்டிருந்தது. ஆகவே, தன் நாட்டின் வட கரையிலிருந்து தென் கரைக்குச் செல்ல விரும்பும் கப்பல் ஆப்பிரிக்கக் கண்டத்தையே சுற்றிவர வேண்டியிருந்தது. எஞ்சியது வான்வழி ஒன்றே.

இத்தேவையிலிருந்துதான் ஆர்கியா விமான நிறுவனம் தோன்றியது. 1949இல் உள்நாட்டு வான்சேவைக்கென நிறுவப்பட்ட இதன் பங்குகளில் ஒரு பாதி எல் ஆல் என்னும் தேசிய விமான நிறுவனத்திடமும், மறுபாதி ஹிஸ்தத்ருத் என்னும் தொழிலாளர் கூட்டமைப்பிடமும் இருந்தன. தொழிற்சங்கம் ஒன்று விமான நிறுவனத்தில் பாதிக்கு உரிமை கொண்டிருந்தது இன்று வியப்பளிக்கலாம். அந்நாட்டின் தொடக்கக் காலப் பொருளாதாரத்தில் இது இயல்பான ஏற்பாடே. சில பெயர் மாற்றங்களுக்குப் பின் ‘ஆர்கியா’ என்னும் பெயர் நிலைத்தது. எபிரேய மொழியில் ‘வான்நோக்கி உயர்வேன்’ என்பது அதன் பொருள்.

1950இல் வடகோடியிலுள்ள ரோஷ் பினாவிலிருந்து ஏலாத்துக்குச் சேவை தொடங்கியது. தொடக்கத்தில் பயன்படுத்தப்பட்ட டி ஹாவிலண்டு விமானங்கள் மரச்சட்டத்தின்மீது துணி போர்த்திய இரட்டை இறக்கை வகையைச் சேர்ந்தவை. எட்டுப் பேர் அளவில்தான் அமர முடியும். பின்னர் அவற்றினும் பெரிய டக்ளஸ் டிசி-3 விமானங்கள் வந்தன. ஐந்தாம் ஆண்டில் ஏலாத் வழித்தடத்தில் மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் பயணம் செய்தனர். ஒரு சிற்றூரின் அஞ்சலும் மருந்தும் உறவினரும் விருந்தினரும் வானிலிருந்து இறங்கிய காலம் அது.

இருக்கையின் கணக்கு

விமானக் கட்டணம் எவ்வாறு குறைகிறது என்னும் வினாவுக்கு ஆர்கியாவின் வரலாறு நல்ல பாடநூல். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 50 இருக்கைகள் கொண்ட விமானம் ஒருமுறை பறக்க 2 இலட்சம் ரூபாய் செலவாகிறது எனக் கொள்வோம். எல்லா இருக்கைகளும் நிறைந்தால் ஓர் இருக்கைக்கான செலவு 4,000 ரூபாய். 200 இருக்கைகள் கொண்ட விமானத்திற்கு 6 இலட்சம் ரூபாய் செலவாகும் எனில், நிறைந்து பறக்கும்போது இருக்கைக்கு 3,000 ரூபாய்தான் ஆகும். பெரிய விமானமே சிக்கனமானது என இதைக் கொண்டு முடிவு செய்துவிடக் கூடாது. அதே விமானத்தில் 100 பேர் மட்டுமே ஏறினால் ஆளுக்கு 6,000 ரூபாய் ஆகிவிடும். விமானி, எரிபொருள், தரையிறங்கும் கட்டணம், பழுதுபார்ப்பு ஆகியவை வெற்றிருக்கைகளுக்காகக் குறைந்துவிடுவதில்லை.

விற்காத இருக்கை, மாலைச் சந்தையில் எஞ்சிய கீரையைக் காட்டிலும் விரைவில் வீணாவது. கீரையை மறுநாள் பாதி விலைக்கேனும் கொடுக்கலாம். ஓடுபாதையை விட்டு எழுந்த விமானத்தின் வெற்றிருக்கையை எவருக்கும் விற்க இயலாது. எனவேதான் பல மாதங்களுக்கு முன்னரே பதிவு செய்பவருக்கு ஒரு விலையும், புறப்படும் நாளில் வருபவருக்கு வேறொரு விலையும் வைக்கின்றனர். ஒரே வரிசையில் அமர்ந்திருக்கும் மூவர் மூன்று வேறு விலைகளைச் செலுத்தியிருப்பது இதனாலேயே.

குறைந்த கட்டணச் சேவையின் மற்றொரு விதி, விமானம் தரையில் நிற்கும் நேரத்தைக் குறைப்பது. பறக்கும்போதுதான் விமானம் பொருள் ஈட்டுகிறது. எல் ஆல் நிறுவனம், 1982இல் அரசு எடுத்த முடிவின்படி, யூதர்களின் ஓய்வுநாளாகிய சபத் அன்று விமானங்களை இயக்குவதில்லை. சபத் வெள்ளிக்கிழமை மாலை தொடங்கிச் சனிக்கிழமை இரவில் முடிவது. சமய நோக்கில் இதற்கு உரிய காரணம் உண்டு. கணக்கு நோக்கில் ஏழு நாளில் ஒரு நாள் விமானம் ஈட்டாமல் நிற்கிறது. ஆர்கியாவுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. வார இறுதியில் ஏலாத் கடற்கரைக்குச் செல்வோரை ஏற்றிச் செல்ல அதனால் முடிந்தது.

கைமாறிய உரிமை

1967ஆம் ஆண்டுப் போருக்குப் பின் சினாய் தீபகற்பம் இஸ்ரேலின் கட்டுப்பாட்டில் வந்தபோது, ஷாம் எல் ஷேக், செயின்ட் கேத்தரின் ஆகிய இடங்களுக்கும் ஆர்கியா பறந்தது. 1979இல் எகிப்துடன் அமைதி உடன்படிக்கை கையெழுத்தானது. 1982க்குள் சினாய் ஏறத்தாழ முழுவதும் எகிப்திடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. எல்லைக்கோடு நகரும்போதெல்லாம் உள்நாட்டு விமான நிறுவனத்தின் வழித்தடமும் நீண்டு சுருங்கியது.

நாடு சிறியது; உள்நாட்டு வழித்தடங்கள் மிகக் குறைவு. சாலைகள் மேம்பட்டபின் ஏலாத்துக்குப் பேருந்தும் மகிழுந்தும் போட்டிக்கு வந்தன; பின்னாளில் இஸ்ரேர் என்னும் மற்றொரு விமான நிறுவனமும் அதே தடத்தில் இறங்கியது. ஏலாத் பயணியரோ விடுமுறை நாள்களில் பெருகி, மற்ற நாள்களில் குறைந்துவிடுபவர்கள். பெரிய விமானம் வாங்கினால் வாரநாளில் வெற்றாகப் பறக்கும். சிறிய விமானம் வைத்திருந்தால் விடுமுறையில் இடம் போதாது. இச்சிக்கலிலிருந்து மீளவே ஆர்கியா அயல்நாட்டுப் பயணங்களை நாடியது.

1980இல் அதன் முக்கால் பங்கைக் கனாஃப் என்னும் தனியார் நிறுவனம் வாங்கியது. கால் பங்கு ஊழியர்களிடம் இருந்தது. இதன்பின் ஐரோப்பிய நகரங்களுக்குச் சுற்றுலாக் குழுக்களை ஏற்றிச் செல்லும் ஒப்பந்தப் பயணங்கள் வளர்ந்தன. ஒப்பந்தப் பயணத்தில் இருக்கைகள் அனைத்தையும் சுற்றுலா முகவர் முன்கூட்டியே மொத்தமாக வாங்கிவிடுவார். வெற்றிருக்கையின் இழப்பு விமான நிறுவனத்தைச் சேராது. சிறிய நிறுவனத்திற்கு இது பெரிய காப்பு.

இதன் தொடர்ச்சியாக ஒரு விந்தை நிகழ்ந்தது. 2003இல் எல் ஆல் நிறுவனத்தை அரசு தனியார்மயமாக்கத் தொடங்கியது. அடுத்த ஈராண்டுக்குள் அதன் கட்டுப்பாடு, ஆர்கியாவின் உரிமையாளராகிய குழுமத்திடமே வந்து சேர்ந்தது. ஒருகாலத்தில் ஆர்கியாவின் பாதிப் பங்கை வைத்திருந்த பெருநிறுவனம், ஆர்கியாவின் உரிமையாளர் கைக்குள் வந்தது! ஆயினும், இரண்டும் ஒருவரிடமே இருந்தால் போட்டி அழியும் என்பதால் ஆர்கியாவை விற்க நேர்ந்தது. 2006இல் நக்காஷ் சகோதரர்கள் அதனை வாங்கினர். ஜோர்டாஷ் என்னும் ஆடை வணிகப் பெயரால் நியூயார்க்கில் புகழ்பெற்ற குடும்பம் அது.

காப்பின் விலை

2002ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் காலை, கென்யாவின் மொம்பாசா நகரிலிருந்து ஆர்கியாவின் போயிங் 757 விமானம் 271 பேருடன் மேலெழுந்தது. தோளில் வைத்து ஏவும் இரண்டு ஏவுகணைகள் அதனை நோக்கி எய்யப்பட்டன. இரண்டும் இலக்குத் தவறின. விமானம் டெல் அவிவ் நகரில் பாதுகாப்பாகத் தரையிறங்கியது. அதே காலையில் மொம்பாசாவுக்கு அருகே ஒரு விடுதியின்மீது நடந்த தாக்குதலில் கென்யர் பத்துப் பேரும் இஸ்ரேலியர் மூவரும் உயிரிழந்தனர்.

இந்நிகழ்வு, அந்நாட்டு விமான நிறுவனங்களின் செலவுப் பட்டியலில் பிறருக்கு இல்லாத ஓர் இனம் ஏன் உள்ளது என்பதை விளக்கும். பயணியர் சோதனை, அயல்நாட்டு நிலையங்களில் காவலர் என அவை பாதுகாப்புக்குப் பெருந்தொகை செலவிட வேண்டியுள்ளது. குறைந்த கட்டணச் சேவை என்பது உணவு, பெட்டி, இருக்கைத் தேர்வு போன்றவற்றை ஒவ்வொன்றாகக் கழித்து விலையைக் குறைக்கும் கலை. பாதுகாப்பை அவ்வாறு கழிக்க முடியாது.

இக்கவலை 2013இல் வெளிப்படையாக எழுந்தது. அதுவரை இரு நாடுகளுக்கிடையே எந்த நிறுவனம், வாரத்திற்கு எத்தனை முறை பறக்கலாம் என்பதை அரசுகள் பேசி வரையறுத்தன. ஐரோப்பிய ஒன்றியத்துடனான ‘திறந்த வான்’ ஒப்பந்தம் இவ்வரையறைகளைப் படிப்படியாக நீக்க முனைந்தது. இஸ்ரேலிய விமான ஊழியர்கள் அவ்வாண்டு ஏப்ரலில் வேலைநிறுத்தம் செய்தனர். பிரிட்டனின் ஈஸிஜெட் 2009 முதலே டெல் அவிவுக்குப் பறந்துகொண்டிருந்தது. அதைப்போன்ற பெருநிறுவனங்கள் தடையின்றி வந்தால் தம் வேலை பறிபோகும் என அஞ்சினர். அவர்களது அச்சம் அடிப்படையற்றதன்று. நூற்றுக்கணக்கான விமானங்கள் உடைய நிறுவனத்துடன் சில விமானங்களே உடைய நிறுவனம் விலையில் மோதுவது எளிதா? பாதுகாப்புச் செலவில் 97.5 விழுக்காட்டை அரசே ஏற்பதாக உறுதியளித்த பின்னர் வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது. ஜூன் மாதம் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

பயணியருக்கு இது நற்காலம். வழித்தடங்கள் பெருகின, கட்டணம் இறங்கியது. எல் ஆல் நிறுவனமே ‘அப்’ என்னும் பெயரில் குறைந்த கட்டணப் பிரிவொன்றை 2014இல் தொடங்கிப் பெர்லின், பிராக், புடாபெஸ்ட் முதலிய நகரங்களுக்கு இயக்கியது. எனினும் 2018இல் அது மூடப்பட்டது. ஒரே நிறுவனத்திற்குள் இரண்டு பெயர்களைப் பேணுவது கடினமாகவே இருந்தது.

ஆர்கியா வேறு வழியைத் தேர்ந்தது. 2018 நவம்பரில் ஏர்பஸ் ஏ321எல்ஆர் வகை விமானத்தை உலகில் முதன்முதலாகப் பெற்ற நிறுவனம் அதுவே. 220 இருக்கைகள் கொண்ட இவ்விமானம் ஏறத்தாழ 7,400 கிலோமீட்டர் பறக்கவல்லது. முன்பு அவ்வளவு தொலைவு செல்ல இருநடைபாதை கொண்ட பெரிய விமானம் வேண்டும். அதனை நிரப்புவது சிறிய நிறுவனத்திற்கு அரிது. ஒருநடைபாதை விமானமே தொலைதூரம் செல்லும்போது, மேலே கண்ட இருக்கைக் கணக்கு சிறியோருக்கும் கைகூடுகிறது.

நீண்டுவிட்ட தொலைவு

உள்நாட்டுத் தடத்தில் நேர்ந்ததோ இதற்கு நேர்மாறு. ஆர்கியாவின் ஏலாத் விமானங்கள் நெடுங்காலம் டெல் அவிவின் கடற்கரையை ஒட்டிய ஸ்தே டோவ் நிலையத்திலிருந்து புறப்பட்டன. வீட்டிலிருந்து சில நிமிடங்களில் விமானமேறி, ஒரு மணிநேரத்திற்குள் ஏலாத் நகரின் நடுவிலேயே இறங்கலாம். 2019 ஜனவரியில் ஏலாத்துக்கு வடக்கே 18 கிலோமீட்டர் தொலைவில் ரமோன் விமான நிலையம் திறக்கப்பட்டது. 2003இல் கல்பனா சாவ்லாவுடன் கொலம்பியா விண்கலத்தில் உயிரிழந்த விண்வெளி வீரர் இலான் ரமோன், விமானியாகப் பணியாற்றி இறந்த அவர் மகன் ஆகிய இருவரின் நினைவாக அதற்குப் பெயரிடப்பட்டது. நகரின் நடுவிலிருந்த பழைய நிலையம் மூடப்பட்டது. அதே ஆண்டு ஜூலை முதல் நாளில், குடியிருப்புகள் கட்டுவதற்காக ஸ்தே டோவும் மூடப்பட்டது. பறக்கும் நேரம் மாறவில்லை. வீட்டு வாயிலிலிருந்து விடுதி வாயில் வரையிலான நேரம் கூடிவிட்டது. குடும்பத்துடன் செல்பவர்கள் மகிழுந்தில் செல்வதே எளிது எனக் கருத இடமுண்டாயிற்று.

மறு ஆண்டில் கொரோனா பெருந்தொற்று விமானங்களைத் தரையில் நிறுத்தியது. 2023 அக்டோபரில் போர் மூண்டபின் அயல்நாட்டு விமான நிறுவனங்கள் பலமுறை சேவையை நிறுத்தின. மலிவுக் கட்டணத்தைக் கொண்டுவந்த பெருநிறுவனங்களே முதலில் விலகியவற்றுள் இருந்தன. போட்டி மறைந்த வானில் கட்டணங்கள் உயர்ந்தன. அப்போது பறந்துகொண்டிருந்தவை பெரும்பாலும் எல் ஆல், ஆர்கியா, இஸ்ரேர் ஆகிய உள்நாட்டு நிறுவனங்களே. செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால் ஏலாத் துறைமுகத்துக்குச் சரக்குக் கப்பல்கள் வருவதும் ஏறத்தாழ நின்றுபோனது. அந்நகருக்கு இன்றுவரை தொடர்வண்டிப் பாதை அமையவில்லை.