முழங்கால் வீங்கும் முன்னே

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டங்களில் லயத்திலிருந்து பாடசாலைக்குப் போவதென்றால் ஏற்றமும் படிக்கட்டும்தான். பிள்ளைக்குக் கணுக்கால் வலித்தால் வீட்டில் உடனே சொல்வது "சுளுக்கு". எண்ணெயைச் சூடாக்கி உருவி விடுவார்கள். பெரும்பாலும் அது சுளுக்காகவே இருக்கும். ஆனால் ஹீமோபீலியா உள்ள பையனுக்கு அந்த உருவல், மூட்டுக்குள் கசியும் இரத்தத்தை இன்னும் கூட்டிவிடும்.

மூட்டுக்குள் நடப்பது

இரத்தத்தை உறையவைக்கும் எட்டாவது காரணி குறைந்தால் ஹீமோபீலியா ஏ. ஒன்பதாவது குறைந்தால் பி. ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு ஏ வகை இருக்கிறது. காரணியின் அளவு 1 சதவீதத்துக்கும் கீழே போனவர்களுக்கு அடிபடாமலேயே முழங்கால், கணுக்கால், முழங்கை மூட்டுகளில் இரத்தம் கசியும். கசிந்த இரத்தத்திலுள்ள இரும்பு மூட்டின் உள்சவ்வைத் தடிக்க வைக்கும். தடித்த சவ்வு மறுபடி எளிதில் கசியும். இப்படியே போனால் குருத்தெலும்பு தேய்ந்து கால் மடங்கியபடி நின்றுவிடும். அதன்பின் எவ்வளவு காரணி ஏற்றினாலும் பழைய மூட்டு கிடைக்காது.

சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று தாயைக் குத்திக் காட்டுவோர் உண்டு. அது அநியாயம். சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்குமே இந்நோய் இருந்ததில்லை.

முதல் இரண்டு மணி நேரம்

வீக்கத்துக்கு முன்பே மூட்டில் குறுகுறுப்பும் சூடும் இறுக்கமும் தெரியும். அதை முதலில் அறிபவன் பையன்தான். "கால் என்னமோ மாதிரி இருக்கும்மா" என்று அவன் சொன்னால் நம்புங்கள். பாடசாலைக்குப் போக மனமில்லாமல் சொல்கிறான் என்று தள்ளிவிட்டால் அந்த நேரம் திரும்பி வராது.

சிகிச்சை என்பது குறைந்த காரணியை நாளத்தின் வழியே ஏற்றுவது. இயன்றவரை இரண்டு மணி நேரத்துக்குள். எக்ஸ்ரேயும் ஸ்கேனும் அதற்குப் பிறகுதான். எட்டாவது காரணியில் கிலோவுக்கு 1 யூனிட் கொடுத்தால் அளவு ஏறத்தாழ 2 சதவீதம் உயரும். 20 கிலோ பையனுக்கு 40 சதவீதம் வேண்டுமென்றால் 400 யூனிட். சுமார் 12 மணி நேரத்தில் அது பாதியாகக் குறைவதால் மறுபடியும் தேவைப்படலாம். காரணி மருந்து கைவசம் இல்லாதபோது ஏ வகைக்குக் கிரையோ (கிரையோபிரெசிபிடேட்) என்ற இரத்தக் கூறை ஏற்றுவதுண்டு. அதில் ஒன்பதாவது காரணி இல்லை என்பதால் பி வகைக்கு அது உதவாது.

வண்டி வரும்வரை

மூட்டை அசைக்காமல் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து, பதினைந்து நிமிடம் வைக்கலாம். வலிக்குப் பரசிட்டமோல் போதும். அஸ்பிரின், டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் கூடவே கூடாது. தசையில் போடும் ஊசியும் ஆகாது. 1990 என்ற எண்ணில் இலவச அம்புலன்ஸைக் கூப்பிடும்போதே ஹீமோபீலியா என்று சொல்லிவிடுங்கள். தோட்ட மருந்தகத்தில் காரணி மருந்தை எதிர்பார்க்க முடியாது.

கசிவு நின்று வலி தணிந்ததும் காலை மெல்ல நீட்டி மடக்கும் பயிற்சி தொடங்க வேண்டும். வாரக்கணக்கில் படுக்கவைத்தால் தசை மெலியும். மெலிந்த தசை மூட்டைத் தாங்காது.

தடுப்பு மருந்துகள்

எமிசிசுமாப் என்ற தோலடி ஊசி ஏ வகையில் கசிவைப் பெருமளவு தடுக்கிறது. ஆனால் தொடங்கிவிட்ட கசிவை நிறுத்த அது மருந்தல்ல. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் ஐந்து பேருக்குச் செய்த மரபணு சிகிச்சைக்குப் பிறகு அவர்களுக்குக் கசிவே ஏற்படவில்லை என்று 2024 டிசம்பரில் அறிக்கை வந்தது. நல்ல செய்திதான், ஆனால் அது இன்னும் எல்லோருக்கும் கிடைக்கும் சிகிச்சை அல்ல.

அடுத்த கிளினிக் நாளில் டொக்டரிடம் மூன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: பிள்ளைக்கு எந்த வகை, எத்தனை யூனிட், நுவரெலியாவா கண்டியா, எங்கே மருந்து எப்போதும் இருக்கும். ஒரு பிரதியை வகுப்பாசிரியரிடமும் கொடுத்து வையுங்கள்.