வீட்டை அடகு வைத்த கல்லூரி முதல்வர்

“விளையாட்டு சோறு போடுமா?”

வானொலியில் இளையோர் நிகழ்ச்சி நடத்தும் எனக்குப் பெற்றோரிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. ஈப்போவிலிருந்தும் கேட்கிறார்கள், சுங்கை சிப்புட்டிலிருந்தும் கேட்கிறார்கள். மகன் பல்கலைக்கழக அணியில் ஓடுவான். மகள் சிலம்பத்தில் பதக்கம் வாங்கியிருப்பாள். பெருமை ஒரு பக்கம், படிப்பு கெட்டுவிடுமோ என்ற பயம் மறுபக்கம். பால்மரம் சீவிய காசில் பிள்ளைகளைக் கரையேற்றிய குடும்பங்களுக்கு அந்தப் பயம் இருப்பது நியாயம்தான்.

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் என் நினைவுக்கு வருபவர் காஷபா தாதாசாகேப் ஜாதவ்.

மல்யுத்தம் என்றதும் நம் தாத்தாக்களுக்கு ஞாபகம் வருவது கிங்காங்கும் தாராசிங்கும். அவர்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் மேடைச் சண்டையின் நாயகர்கள். ஜாதவ் ஒலிம்பிக் விரிப்பில் மோதிய கல்லூரி மாணவர்.

மண்ணிலிருந்து விரிப்புக்கு

1926இல் மகாராஷ்டிராவின் கோலேஷ்வர் கிராமத்தில் பிறந்தார். அப்பாவும் மல்யுத்த வீரர். கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியில் சேர்ந்தபோது, இவருடைய சிறிய உடலைப் பார்த்த விளையாட்டு ஆசிரியர், கல்லூரிப் போட்டியில் சேர்க்க மறுத்துவிட்டார். ஜாதவ் நேரே கல்லூரி முதல்வர் கர்டேகரிடம் போய் நின்றார். அனுமதி கிடைத்தது. தன்னைவிடப் பெரிய உடல்வாகு கொண்டவர்களையெல்லாம் வீழ்த்தினார்.

1948இல் லண்டன் ஒலிம்பிக். செலவை ஏற்றவர் கோலாப்பூர் மகாராஜா. அதுவரை மண் களத்தில் மட்டுமே பழகிய ஜாதவுக்கு விரிப்பும் புதிது, அனைத்துலக விதிமுறைகளும் புதிது. அப்படியிருந்தும் ஃபிளைவெயிட் பிரிவில் ஆறாவது இடம் பிடித்தார்.

ஏழாயிரம் ரூபாய்

அடுத்தது 1952, ஹெல்சிங்கி. தேர்வில் தனக்கு அநீதி நடந்ததாக முறையிட்டு, மறுபடி மோதி வென்றுதான் அணியில் இடம் பிடித்தார். ஆனால், பயணத்துக்குப் பணம் இல்லை. கிராம மக்கள் தங்களால் முடிந்ததைத் திரட்டினார்கள். அது போதவில்லை. அப்போதுதான் முதல்வர் கர்டேகர் தம் சொந்த வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார்.

பிள்ளையின் படிப்புக்காகக் காதில் கழுத்தில் கிடந்ததை அடகுக்கடைக்குக் கொண்டுபோன அம்மாக்களை நமக்குத் தெரியும். பெற்ற பிள்ளைக்குச் செய்வதை, மாணவனுக்காகச் செய்தார் இந்த ஆசிரியர்.

ஹெல்சிங்கியில் கனடா, மெக்சிகோ, ஜெர்மனி வீரர்களை ஜாதவ் தோற்கடித்தார். ஜப்பானின் ஷோஹாச்சி இஷியுடன் கடுமையாகப் போராடித் தோற்றார். அந்தக் களைப்பு ஆறுவதற்குள் சோவியத் வீரருடன் மோதச் சொன்னார்கள். இரண்டு மோதல்களுக்கு இடையே அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்பது விதி. அதைச் சொல்லி வாதாட இந்திய அதிகாரி ஒருவரும் பக்கத்தில் இல்லை. தோற்றார். கிடைத்தது வெண்கலம்.

சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் ஒருவர் வென்று தந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அடுத்ததற்கு 1996இல் டென்னிஸ் வீரர் லியாண்டர் பயஸ் வரும்வரை, 44 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஊர் திரும்பியபோது நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டு வண்டிகள் ஊர்வலமாக வந்து வரவேற்றன. மாலை மரியாதை முடிந்ததும் ஜாதவ் மல்யுத்தப் போட்டிகள் நடத்திப் பணம் சேர்த்தார். எதற்கு? முதல்வரின் வீட்டை மீட்பதற்கு.

பதக்கத்துக்குப் பிறகு

1955இல் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். பதவி உயர்வுக்குப் பல ஆண்டுகள் காத்திருந்து, உதவி ஆணையராக ஓய்வுபெற்றார். ஓய்வூதியத்துக்கும் போராட வேண்டியிருந்தது. 1984இல் சாலை விபத்தில் காலமானார். அர்ஜுனா விருது அவர் இறந்த பிறகுதான் வந்தது. 2010 காமன்வெல்த் போட்டியின்போது டில்லி மல்யுத்த அரங்குக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

ஆக, விளையாட்டு சோறு போட்டதா? வேலை இருந்தது, உரிய மரியாதை தாமதமாக வந்தது. இதைப் பெற்றோரிடம் நான் மறைப்பதில்லை.

ஆனால், இன்னொன்றையும் சொல்வேன். அந்த வெண்கலத்துக்குப் பின்னால் வாய்ப்புக் கொடுத்த ஒருவர் இருந்தார், பணம் கொடுத்தவர்கள் இருந்தார்கள். விதி தெரிந்து பக்கத்தில் நிற்க மட்டும் ஆள் இல்லை. அந்த ஒரு குறை எவ்வளவு பெரிதாகிவிட்டது!

நம் தோட்டங்களில் பலவற்றில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது; சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. அந்தி சாய்ந்ததும் கபடியும் பந்தும் ஆடிய திடல்கள் பலவும் அவற்றோடு போயின. மிச்சமிருக்கும் திறமையைப் பல்கலைக்கழகம்வரை கொண்டுவந்த பிள்ளைகளுக்கு நாம் வீட்டை அடகு வைக்க வேண்டியதில்லை. பயிற்சியாளர் யார், போட்டிச் செலவு யாருடையது, காயம்பட்டால் காப்புறுதி உண்டா, தேர்வு நாளில் போட்டி வந்தால் என்ன ஏற்பாடு என்று விரிவுரையாளரிடம் போய்க் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

இளம் பட்டதாரிகளே, விதிமுறைப் புத்தகத்தை வாசிக்கத் தெரிந்த தலைமுறை நீங்கள். உங்கள் பழைய தோட்டத்திலிருந்தோ தாமானிலிருந்தோ ஒரு பிள்ளை போட்டிக்குப் போகிறதென்றால், ஒரு சனிக்கிழமையை ஒதுக்கிக் கூடப் போய் நில்லுங்கள்.