பத்தாவது சோளகத்தில் அந்தச் சுவர்

போர் முடிந்த இலங்கையின் வடக்குக் கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்ற திட்டம் 2015, 2016ஆம் ஆண்டுகளில் பெரும் விவாதமானது. ஆர்செலர் மிட்டல் நிறுவனம் தொழிற்சாலையில் செய்த பாகங்களைக் கொண்டுவந்து பொருத்தித் தரும். ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்திலோ, சனங்கள் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயை வாங்கி, உள்ளூர் மேசன்மாரை வைத்துக் கல்வீடு கட்டினார்கள்.

வெப்பம், துரு, அத்திவாரம், ஆயுட்காலம் என்று பொறியியலாளர்களும் அரசியல்வாதிகளும் கேள்வி எழுப்பினார்கள். யாழ்ப்பாணத்தில் மாதிரி வீடும் வைத்துக் காட்டப்பட்டது. ஒருநாள் சுற்றிப் பார்த்தால் அறையின் அளவு தெரியும். பத்தாவது ஆண்டின் சோளகக் காற்று வீசி ஓயும்போது அந்தச் சுவர் எப்படி இருக்கும்?

வெப்பத்தைப் பொறுத்தவரை, ஒரு கல்லும் வைக்காமல் கணினியில் கணக்கிடலாம். அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் ‘எனர்ஜிபிளஸ்’ மென்பொருள் இலவசம். சுவரின் தடிப்பு, அடர்த்தி, வெப்பம் கடத்தும் தன்மை, கூரை, யன்னல் திசை, ஊரின் காலநிலைத் தரவு எல்லாவற்றையும் கொடுத்தால், ஆண்டின் 8,760 மணித்தியாலங்களிலும் வீட்டுக்குள் எவ்வளவு சூடு இருக்கும் என்று சொல்லும். சீமெந்துக் கல் சுவர் பகல் வெயிலை உறிஞ்சி வைத்து இரவில் உள்ளே விடும். மெல்லிய உருக்குத் தகடு உடனே சூடேறி விரைவில் ஆறும். இடையில் நல்ல வெப்பக்காப்பு இருந்தால் நிலைமை மாறும். ஆகவே இரவுத் தூக்கத்துக்கு உருக்கு வீடே மேல் என்று விடை வரவும் கூடும். அப்படி வந்தால் அதையும் ஏற்கத்தான் வேண்டும்.

ஆனால் கொழும்பின் காலநிலைத் தரவைப் போட்டு யாழ்ப்பாண வீட்டைக் கணக்கிடக் கூடாது. கொழும்பு ஈரவலயம்; யாழ்ப்பாணத்திலோ மழையின் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும்.

துருவுக்கு மென்பொருள் மட்டும் போதாது. குடாநாட்டில் கடலோ கடல்நீரேரியோ எந்த ஊருக்கும் தொலைவில்லை. உலோகத் துண்டுகளை ஓராண்டு வெளியில் தொங்கவிட்டு, எடை எவ்வளவு குறைகிறது என்று அளக்கும் முறை சர்வதேசத் தரநியமங்களில் உண்டு. அந்த அளவு கையில் இருந்தால்தான் தகட்டின் ஆயுளையும், திருத்தச் செலவையும், கூலி எந்த ஊருக்குப் போகிறது என்பதையும் சேர்த்து, வீட்டின் ஆயுட்காலச் செலவை நேர்மையாகக் கூட்ட முடியும்.

65,000 வீட்டுத் திட்டம் நினைத்தபடி நிறைவேறவில்லை. இன்னொரு புதிய தொழில்நுட்பம் நாளை வரும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. ஒப்பந்தம் எழுதும் முன்பே இந்தக் கணக்கை அங்கே ஒப்படைத்து, முடிவைத் தமிழில் ஒவ்வொரு பிரதேச சபையிலும் ஒட்ட வேண்டும்.