தாத்தா துப்பாக்கிக்கு வைத்தியம் பார்க்கலாமா?

"மாப்ளே, ஒரு துப்பாக்கியை ரிப்பேர் பண்ண எவ்வளவுடா ஆகும்?"

திருநீர்மலைக் கோயில் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து சுண்டல் கொறித்துக் கொண்டிருந்தபோது என் நண்பன் இப்படிக் கேட்டான். பக்கத்தில் இருந்த பெரியவர் சுண்டல் பொட்டலத்தோடு இரண்டு படி தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

பயப்பட வேண்டாம். நண்பன் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவன். கோபம் வந்தால் கால்குலேட்டரைக் கொஞ்சம் அழுத்தித் தட்டுவான், அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். அவன் தாத்தா, ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்கார துரையிடமிருந்து இங்கிலாந்தில் செய்த 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றை வாங்கினார். அப்போது மலையைச் சுற்றி ஏரியும் வயலும். நெல்லை மேய வரும் பன்றியை விரட்ட லைசென்ஸ் எடுத்தார். அப்பா காலத்தில் வயலெல்லாம் பிளாட் ஆகிவிட்டது. பன்றி போயிற்று, துப்பாக்கி மட்டும் தங்கிவிட்டது. 2024 தேர்தலுக்காக அப்பா அதை ஒரு துப்பாக்கிக் கடையில் முறைப்படி ஒப்படைத்தார். திருப்பி வாங்குவதற்குள் அவரே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது நண்பன் கையில் போனஸ் பணம். "அப்பா ஞாபகமா அதைப் புதுசு மாதிரி ஆக்கணும்டா" என்கிறான். ஆபீஸ் நண்பர் ஒருவர் வேறு, "சுடாத துப்பாக்கிதானே சார், லைசென்ஸே வேண்டாம். ஷோகேஸ்ல வைங்க" என்று ஏற்றிவிட்டிருக்கிறார்.

அந்த ஆபீஸ் நண்பர் பேச்சைக் கேட்டால் நம்மவன் கம்பிக்குப் பின்னால்தான் ஷோகேஸ் ஆவான்!

1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு பழைய துப்பாக்கிக்கு விலக்கு தருவது உண்மைதான். ஆனால் அதில் ஒரு கொக்கி இருக்கிறது. ரிப்பேர் செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி, இனி சுடவே முடியாது என்கிற நிலையில் இருந்தால்தான் அந்த விலக்கு. 'ரிப்பேர் செய்தால் சுடும்' என்றால் சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கியேதான். நம்மவன் ரிப்பேர் செய்யக் கிளம்பியிருப்பதே அதற்குச் சாட்சி! லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்ச தண்டனையே இரண்டு வருஷம்.

'நம்ம குரோம்பேட்டை லேத் பட்டறைப் பையன் பிரமாதமா வேலை செய்வானே' என்பதும் நடக்காது. துப்பாக்கி ரிப்பேருக்கும் தனியாக லைசென்ஸ் வேண்டும். 5-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

மகன் என்பதால் லைசென்ஸ் தானாக வந்து சேராது. வாரிசு என்று மனுப் போட வேண்டும். திருநீர்மலை ஆசாமிகளுக்கு 2022 ஜனவரியில் பிறந்த தாம்பரம் போலீஸ் கமிஷனரேட்தான் இதற்கு வாசல். மற்ற வாரிசுகளின் சம்மதம், போலீஸ் விசாரணை, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் என்று வரிசையாகப் படி ஏற வேண்டும். மலைக்கோயில் படிகள் தேவலை!

(வீட்டில் லைசென்ஸோடு பெரியவர் இருந்தால் ஒரு வார்த்தை. 2016 விதிகளின்படி அவருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கி அவரிடம் 25 வருஷம் இருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற மனுப் போடலாம். இப்போதே பேசிவிடுங்கள்.)

சரி, பொருளாவது தேறுமா? அதையும் பார்த்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை கடைக்குப் போனோம்.

கடைக்காரர் அனுபவஸ்தர். முன்பிடிக் கட்டையைக் கழற்றினார். துப்பாக்கியை மூடி லேசாகக் குலுக்கினார். 'கடகட' என்றது. "மூட்டு தேஞ்சு போச்சு சார். இதைச் சரி பண்ணிடலாம்" என்றார். பிறகு குழல்களை மட்டும் பிரித்து, விரலில் தொங்கவிட்டு, நகத்தால் சுண்டினார். கோயில் மணி மாதிரி ஒரு நாதம் வந்தது. "நல்ல சகுனம். இரண்டு குழலையும் சேர்க்கிற பற்று விடலை. விட்டிருந்தா ஓட்டைப் பானை சத்தம்தான் வரும்" என்றார்.

அடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் குழலுக்குள் பார்க்கச் சொன்னார். ஒன்று கண்ணாடி. இன்னொன்றில் அம்மை வடு மாதிரிக் குழிகள். பழைய தோட்டா மருந்தும் நம் ஊர் ஈரமும் சேர்ந்து செய்த வேலை. "குழியைத் தேய்ச்சு எடுக்கலாம். ஆனா ஒவ்வொரு தடவை தேய்க்கும்போதும் சுவர் மெலிஞ்சுக்கிட்டே போகும். மெலிஞ்ச குழல் வெடிச்சா, போறது முன்னாடி இருக்கிற பன்றி இல்ல சார், பிடிச்சிருக்கிற உங்க இடது கை!"

இன்னொரு வில்லங்கமும் சொன்னார். அந்தக் காலத்து இங்கிலாந்து துப்பாக்கிகள் பலவும் இரண்டரை அங்குலத் தோட்டாவுக்குச் செய்தவை. இப்போதைய இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவும் அதற்குள் சமர்த்தாகப் போய் உட்காரும். ஏனென்றால் அந்த அளவு, சுட்டபின் வாய் விரிந்த தோட்டாவின் நீளம். சுடும்போது விரிய இடம் போதாமல் உள்ளே அழுத்தம் எகிறும். 'உள்ளே போகுதே, அப்ப சரிதான்' என்று நினைப்பவர் கதி அதோகதி.

பி.காம். படித்தவன் எதையும் பற்று, வரவு என்றுதானே பார்ப்பான்? வீட்டுக்கு வந்து அக்கவுண்ட்டன்ட்கள் இருவரும் ஒரு வெள்ளைத்தாளில் கோடு போட்டோம்.

பற்று: ரிப்பேர் கூலி. லைசென்ஸ் கட்டணம். எத்தனை நாள் லீவு என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். பூட்டி வைக்க இரும்புப் பெட்டி. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பு. தேர்தல் வந்தால் பெரும்பாலும் ஒப்படைப்பு. இவை ஒரு தடவைச் செலவில்லை; துப்பாக்கி இருக்கும்வரை தொடரும்.

வரவு: வேட்டையா? 1972-ம் வருட வனவிலங்குச் சட்டம் அதற்குக் கடிவாளம் போட்டது. 1991 திருத்தம் கதவையே சாத்திவிட்டது. போட்டியில் சுடலாமா? 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளி வாங்கியதும், 2024 பாரீஸுக்கு நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் போனதும் பறக்கும் தட்டைச் சுடும் போட்டிக்குத்தான். ஆனால் அங்கே ராஜ்யம் செய்வது குழல் மேல் குழல் அடுக்கிய நவீன ரகம். தாத்தாவின் பக்கத்துப் பக்கத்துக் குழல் அங்கே மாட்டு வண்டி. விற்றால்? 1980-களின் நடுவில் தனி ஆட்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வதை அரசு நிறுத்தியதால், நல்ல நிலையில் உள்ள பெரிய கம்பெனிப் பழசுக்கு இங்கே மவுசு உண்டுதான். நம்மவனுடையது பேர் தெரியாத கம்பெனி. ஒரு குழல் வேறு அம்மை வடு.

"அப்ப, கூடாதுங்கறியா?" என்றான் நண்பன். குரல் இறங்கிவிட்டது.

அப்போது காபி கொண்டு வந்த அவன் அம்மா கேட்டார்: "ஏம்ப்பா, கட்டையிலே ஒரு இடம் மட்டும் வழவழன்னு பாலிஷ் போயிருக்குமே, அது இருக்கா?"

"இருக்கும்மா. அதையும் தேய்ச்சுப் புதுசா பாலிஷ் போடறேன்னு கடைக்காரர் சொன்னார்."

"அது உங்கப்பா கன்னம் பட்டுப் பட்டுத் தேஞ்ச இடம்டா. அதைத் தேய்ச்சு எடுத்துட்டு எதை ஞாபகம்னு வெச்சுக்கப் போறே?"

இருவரும் பேனாவை மூடினோம்.

நாங்கள் கடைசியில் முடிவு செய்ததை உங்களுக்கும் சொல்கிறேன். குழல் நன்றாக இருந்து, லைசென்ஸும் உங்கள் பேரில் இருந்து, சுடுவதற்கு முறையான இடமும் இருந்தால் தாராளமாகச் செலவு செய்யுங்கள். குழல் போயிருந்தால், அழகுக்காகக் காசைக் கொட்டாதீர்கள். லைசென்ஸ் உள்ளவருக்கு விற்றுவிடலாம். மனசு கேட்காவிட்டால், வாரிசு லைசென்ஸ் வாங்கி, துரு ஏறாமல் துடைத்து எண்ணெய் போட்டு, அப்படியே வைத்துக்கொள்ளலாம். லைசென்ஸ் கைக்கு வரும்வரை அது கடையிலோ போலீஸ் ஸ்டேஷனிலோதான் இருக்க வேண்டும். கெடு தாண்டினால் அரசுக்குப் போய்விடும் என்பதால் மனுவைத் தள்ளிப் போடாதீர்கள்.

நண்பன் வாரிசு மனுப் போட்டிருக்கிறான். துருவை மட்டும் எடுத்து எண்ணெய் போட்டால் போதும், கட்டையில் கை வைக்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டான்.

போனஸ் பணம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். இப்போது குளத்துப் படியிலிருந்தே மலைக்கோயில் கோபுரம் பளிச்சென்று தெரிகிறதாம்!