வெயிலில் போட்ட பலகை ஏன் வெடிக்கிறது?

ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டில், ஒரு வீட்டுக் கொல்லையில் நின்ற வேப்பமரத்தை வெட்டிப் பலகையாக அறுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் வாசலுக்கு நிலையும் கதவும் செய்ய வேண்டும். மாதமோ சித்திரை. திருத்தணி வட்டாரத்தில் அப்போது வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது உண்டு. "இந்த வெயிலில் பரப்பிப் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடுமே!" என்று உங்களுக்குத் தோன்றும். ஆசாரியார் சம்மதிக்கமாட்டார். கொட்டகை நிழலில், அடுக்குக்கு அடுக்கு இடையே சிறு சட்டங்களைக் கொடுத்து அடுக்கச் சொல்வார். முனைகளில் சாணத்தையோ தாரையோ பூசுவார். ஏன் தெரியுமா?

பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு விதமாக இருக்கிறது. செல்களின் உட்குழியில் தேங்கி நிற்பது ஒன்று. செல் சுவருக்குள்ளேயே ஊறியிருப்பது மற்றொன்று. குழியில் உள்ள நீர்தான் முதலில் வெளியேறும். அதனால் எடை குறையுமே தவிர, பெரும்பாலும் பலகை சுருங்காது. 100 கிராம் உலர்ந்த மரத்துக்கு ஏறத்தாழ 30 கிராம் நீர் என்ற அளவுக்கு வந்த பிறகே சுவரில் ஊறிய நீர் வெளியேறத் தொடங்கும். சுருக்கமும் அப்போதுதான் தொடங்கும். மரம் வலுவடைவதும் அப்போதுதான்! நன்கு காய்ந்த மரம் நார்வாக்கில் அழுத்தத்தைத் தாங்கும் திறன், பச்சை மரத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிடும்.

இப்போது வெயிலில் கிடக்கும் பலகையைப் பாருங்கள். மேற்பரப்பு விரைவில் காய்ந்து சுருங்கப் பார்க்கிறது. உள்பகுதியோ இன்னும் ஈரமாக, சுருங்காமல் இருக்கிறது. பருத்த உடம்பில் சின்னச் சட்டையை மாட்டினால் என்ன ஆகும்? தையல் விடும். பலகையின் மேற்பரப்பும் அப்படித்தான் வெடிக்கிறது. நார்வாக்கில் நீர் மிக வேகமாக ஓடுவதால் முனைகள் எல்லாவற்றுக்கும் முன்பே காய்கின்றன. சாணப்பூச்சு அதைத் தடுக்கத்தான்.

இதைவிடப் பொல்லாதது ஒன்று உண்டு. சில சமயம் மேற்பரப்பு வெடிக்காமல், இழுபட்ட நிலையிலேயே இறுகிவிடும். பிறகு உள்பகுதி காய்ந்து சுருங்க முயலும்போது, இறுகிய வெளிப்பகுதி அதை விடாது. உள்ளே தேனடை போலப் பிளவுகள் விழும். வெளியிலிருந்து பார்த்தால் பலகை முழுசாகவே தெரியும். அப்படிப்பட்ட மரத்தில் ஏணிப் படி செய்தால், ஏறுகிறவன் கதி என்ன?

அப்படியானால் வெப்பமே கூடாதா? கூடும். வெப்பம் உள்ளிருக்கும் நீரை மேற்பரப்புக்கு விரைந்து நகர்த்துகிறது. ஆனால் சுற்றியுள்ள காற்று வறண்டிருக்கக் கூடாது. அதனால்தான் மரம் உலர்த்தும் சூளைகளில் முதலில் நீராவியை விடுகிறார்கள். மரத்தைக் காயவைக்க நீராவி! வேடிக்கைதான். மிதமான சூட்டிலும் ஈரக்காற்றிலும் தொடங்கி, மரம் காயக் காயச் சூட்டைக் கூட்டி ஈரத்தைக் குறைத்துக்கொண்டு போவார்கள். 1906-இல் டேராடூனில் தொடங்கப்பட்ட வன ஆராய்ச்சி நிலையம் இந்திய மரங்களின் உலரும் குணத்தை ஆராய்ந்திருக்கிறது. சால் மரம் மிகவும் அடம் பிடிக்கும், தேக்கு நடுத்தரம், இலவம் எளிதில் காயும்.

சூட்டுக்கும் எல்லை உண்டு. ஏறத்தாழ 65 டிகிரிக்கு மேல் நெடுநேரம் வைத்தால், வெடிப்பே இல்லாவிட்டாலும் மரம் நிரந்தரமாக வலுவிழக்கத் தொடங்கும். செல் சுவரிலுள்ள ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருள் சிதைவதே முக்கியக் காரணம். ஈரமரத்தில் இது இன்னும் விரைவாக நடக்கும். திடீர் அடியைத் தாங்கும் தன்மைதான் முதலில் போகும். கோடரிக் காம்புக்கு வேண்டியதே அதுதானே!

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரே பச்சைப் பலகையிலிருந்து சாண் நீளத்தில் நான்கு துண்டுகள் அறுத்து வாங்குங்கள். இரண்டின் முனைகளில் மெழுகு பூசுங்கள். பூசியதில் ஒன்றும் பூசாததில் ஒன்றும் வெயிலில். மற்ற இரண்டும் நிழலில். தினமும் நிறுத்து, வெடிப்புகளையும் குறித்துக்கொள்ளுங்கள். எடை குறைவது நின்ற பிறகும் துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். ஐப்பசி அடைமழையில் மறுபடி நிறுத்தால் எடை சற்றுக் கூடியிருக்கும். அந்த மாதத்தில்தான் உங்கள் வீட்டுக் கதவும் நிலையில் இறுக்கிப் பிடிக்கும்.