பல்லை இறக்கிய தையல் மெஷின்

தையல் மெஷினில் துணியை நகர்த்துவது நம் கை என்றுதான் பலரும் நினைப்பார்கள். கை திசை மட்டும் காட்டுகிறது. ஊசித் தட்டின் பிளவுக்குள் இரண்டு வரிசை இரும்புப் பல் இருக்கிறது. அது மேலே எழும்பி, துணியைக் கவ்வி, ஒரு தையல் நீளத்துக்குத் தள்ளி, கீழே இறங்கி, பழைய இடத்துக்குத் திரும்பும். இந்த நான்கு அசைவுக்கு அமெரிக்காவின் ஆலன் வில்சன் 1854-இல் காப்புரிமை பெற்றார். இன்று குமரி மாவட்டத்தின் கருங்கல் சந்திப்புத் தையல் கடையில் ஓடும் மெஷினும் அதே அசைவில்தான் ஓடுகிறது. பிளவுஸும் தலையணை உறையும் ஒரே அளவுத் தையலில், நேர்கோடாக வருவதற்குக் காரணம் அந்தப் பல்.

பல்லை இறக்கிவிட்டால்? ஊசி குத்திக்கொண்டே இருக்கும், துணி நின்ற இடத்தில் நிற்கும். முன்னால், பின்னால், பக்கவாட்டில், வட்டமாக என்று எங்கே போவது என்பது இனி தைப்பவர் கையில். பேனாவை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுத் தாளை நகர்த்தி எழுதுவது போன்ற வேலை. இதற்கு ஃப்ரீ மோஷன் தையல் என்று பெயர். நம் ஊரில் ரிங் மாட்டி மெஷின் எம்ப்ராய்டரி போடும் அக்காமார் செய்வதும் இதுதான். மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என்று மூன்றையும் அடுக்கி இதே முறையில் சேர்த்துத் தைத்தால் அது குயில்ட்.

குளிருக்குப் போர்த்தும் பழக்கம் அதிகம் இல்லாத ஊரில் குயில்ட் எதற்கு என்று கேட்கலாம். பொருளை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள். குமரி மாவட்டப் பகுதிக்கு நுண்ணிய நூல்வேலை 200 ஆண்டுப் பழக்கம். நாகர்கோவிலில் லண்டன் மிஷன் பணியாளர் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் 1820-களின் தொடக்கத்தில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். இப்பகுதி அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். அதற்கு முன்பே, லேஸ் கூலியில் சேர்த்த பணத்தைக் கொடுத்து விடுதலை பெற்ற பெண்கள் உண்டு என்கிறது மிஷன் வரலாறு. 1897-இல் பெல்ஜியத்திலிருந்து மதர் மரி லூயிஸ் தெ மெஸ்டர் வந்து இறங்கியது கருங்கலுக்கு அருகில் உள்ள முளகுமூட்டில். அங்கும் அநாதைப் பெண்பிள்ளைகளுக்கு லேஸும் எம்ப்ராய்டரியும் பிழைப்புக்கான தொழில் ஆயின. அந்தக் கை இன்னும் இங்கே இருக்கிறது. பல் இறக்கிய மெஷினுக்குத் தேவைப்படுவதும் அதுதான்.

சரி, மெஷினுக்குள் என்ன நடக்கிறது? ஊசி துணியைத் துளைத்துக் கீழே இறங்குகிறது. திரும்ப ஏறத் தொடங்கும்போது, துணியின் பிடிப்பால் நூல் உடனே கூடவே ஏறாமல் ஊசிக்குப் பின்னால் சின்ன வளையமாகப் புடைக்கிறது. அந்த நொடியில் அடியில் உள்ள ஷட்டிலின் கூர்முனை வளையத்துக்குள் நுழைந்து, அதைக் கீழ்நூல் உள்ள பாபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று பின்னிக்கொள்கின்றன. மேலே உள்ள நூல் இழுக்கும் கை மேல்நூலைச் சுண்டி இழுக்க, முடிச்சு துணியின் நடுவில் போய் உட்காருகிறது. இவ்வளவும் பல்லின் உதவி இல்லாமலே நடக்கும். பல்லின் வேலை தையல் நீளத்தை அளப்பது ஒன்றுதான். அந்த அளவையைத்தான் இப்போது நம் கை ஏற்கிறது.

கணக்குப் போட்டால் எளிது. ஊசி நிமிஷத்துக்கு 600 முறை குத்தினால் நொடிக்கு 10 குத்து. ஒவ்வொரு தையலும் 2 மில்லிமீட்டர் வர வேண்டுமானால், கை நொடிக்கு 2 சென்டிமீட்டர் நகர வேண்டும். கை முந்தினால் தையல் நீண்டு இளித்துக்கொண்டு நிற்கும். மெஷினை மிதிக்கும் கால் முந்தினால் ஒரே இடத்தில் நூல் குவியும். ஊசி உள்ளே இருக்கும்போது துணியை வெடுக்கென்று இழுத்தால் ஊசி வளைந்து தட்டில் மோதி ஒடியும்.

புதிதாகக் கற்பவர்கள் அதிகம் தடுக்கிவிழும் இடம் இன்னொன்று. எம்ப்ராய்டரிக்காக, துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸர் ஃபுட்டைக் கழற்றிவிடுவோம். ஃபுட் இல்லையே என்று அதன் லீவரைத் தூக்கியே வைத்திருந்தால், மேல்நூலைப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளும் திறந்தே இருக்கும். நூல் தளர்ந்து அடியில் கூடுகூடாகச் சிக்கும். ஃபுட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் லீவரை இறக்கியே தைக்க வேண்டும். குயில்ட்டுக்கு ரிங் தேவையில்லை, மூன்று அடுக்கும் சேர்ந்தே விறைப்பாக இருக்கும். அதற்கு ஸ்பிரிங் வைத்த டார்னிங் ஃபுட் போதும். ஊசி குத்தும்போது மட்டும் துணியை அழுத்தி, மேலே ஏறும்போது விட்டுவிடும்.

நிறத்துக்கு வருவோம். குயில்ட்டுக்குக் கையால் சாயம் தோய்த்த துணியை எடுத்தால், அதில் ஒரே நீலம் ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் வெளுத்தும் ஓடும். கடையில் வாங்கிய நூல் கண்டு ஓரிடத்தில் பொருந்தும், ஒரு சாண் தள்ளித் தனியே தெரியும். அதனால் நூலையும் அதே சட்டியில் தோய்ப்பது உண்டு. நூலைக் கழியாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, துணியோடு சேர்த்துப் போடுகிறார்கள். நூல் பருத்தியாக இருக்க வேண்டும். தையல் கடை நூலில் பெரும்பகுதி பாலியெஸ்டர், அதில் பருத்திச் சாயம் ஏறாது. ஒரு துண்டைக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்: பருத்தி காகித வாடையோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி மணியாக இறுகும்.

இந்தப் பருத்திச் சாயம் ரியாக்டிவ் வகை. இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ராட்டீ, ஸ்டீபன் என்ற இருவர் கண்டறிந்த இது, குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த அதே 1956-இல் விற்பனைக்கு வந்தது. சலவைச் சோடாவின் காரத்தில் சாய மூலக்கூறு பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பாகவே சேர்ந்துவிடும். கொதிக்க வைக்க வேண்டியதில்லை, நம் ஊர் வெப்பமே போதும். ஆனால் துணி ஈரமாகவே இருக்க வேண்டும். அதற்குப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி இரவு முழுக்க வைப்பார்கள். சோடா கலந்த சாயம் தண்ணீரோடும் வினைபுரிந்து வீரியம் இழக்கும், எனவே மறுநாளைக்கு எடுத்துவைக்க முடியாது. பொடியைக் கையாளும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம்.

இவ்வளவு பாடுபட்டு நூலை ஒரே நிறத்தில் ஏன் மறைக்க வேண்டும்? தைத்த கோடு பள்ளமாக அமுங்க, தைக்காத இடம் பஞ்சோடு உப்பி எழுகிறது. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது பள்ளத்தில் நிழல் விழுகிறது. மாற்று நிற நூலில் கண் கோட்டைத்தான் பார்க்கும். ஒரே நிற நூலில் கோடு மறைந்து வடிவம் மட்டும் எழுந்து நிற்கும். என் பார்வையில் இந்தக் கலையின் உச்சம் அதுதான்.

மெஷினில் போட்டது கைவேலை ஆகுமா என்ற சண்டை அமெரிக்காவிலும் நடந்தது. 1989-இல் கென்டக்கி மாநிலம் பதூகாவில் நடந்த போட்டியில் கேரல் பிரையர் ஃபாலெர்ட் மெஷினில் தைத்த குயில்ட்டுக்கு முதல் பரிசு கிடைத்தது. அதன் துணிகளும் அவர் கையால் தோய்த்தவை. சென்னையில் 2019 ஜனவரியில் இந்தியா குயில்ட் ஃபெஸ்டிவல் நடந்தது. கருங்கலிலிருந்து ஒரு ராத்திரிப் பஸ் தூரத்துக்கு இந்த வேலை வந்துவிட்டது.

வீட்டு மூலையில் கிடக்கும் பழைய கறுப்பு மிதி மெஷினை ஆக்கர் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் காலுக்கு இருக்கும் பிடி, மலிவு மோட்டாரில் வராது. பல்லை இறக்கும் வசதி அதில் இல்லாவிட்டால், அடியில் உள்ள ஸ்குருக்களைக் கழற்றி மெக்கானிக் பல்லையே எடுத்துத் தருவார். 14 நம்பர் ஊசி, பழைய பருத்திச் சேலைத் துண்டு இரண்டு, நடுவில் ஒரு பஞ்சு விரிப்பு இருந்தால் இன்றே தொடங்கலாம். தையல் வகுப்பு நடத்துபவர்கள், பிளவுஸோடு நிறுத்தாமல் பாடத்தின் கடைசி மாதத்திலாவது பல்லை இறக்கிப் பிள்ளைகள் கையில் மெஷினைக் கொடுங்கள்.